என் இடது தொடையின் சாட்சியம்

முதல் முறை அது அதிர்ந்தபோது கைப்பேசி என்று நினைத்தேன். அவனியாபுரம் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இடது கால்சட்டைப் பையைத் தட்டித் தடவிப் பார்த்தால், கைப்பேசி எதிரே தாங்கியில் நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை அதிர்ந்தபோது சர்க்கரை என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரனுக்கு உடம்பில் எது நடந்தாலும் அது சர்க்கரைதான் என்பது எங்கள் தெருவின் பொதுக் கருத்து. மூன்றாம் முறைதான் புத்தி வந்தது. துடிப்பது தொடை அல்ல. தொடைக்குக் கீழே இருக்கும் சீட்.

அப்போது அந்த வண்டியை வாங்கி நான்கு மாதம். ஓட்டுநர் இருக்கையின் மெத்தைக்குள் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு குட்டி மோட்டார்கள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாகனம் ஒட்டிக்கொண்டு வரும்போது, அது தெரியாமல் அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தால், அந்தப் பக்கத்துத் தொடையில் துடிக்கும். விற்ற பையன் அதை அழகாகச் சொன்னான்: "பக்கத்துல உக்காந்திருக்கவுக தொடையில தட்டி, பாத்துன்னு சொல்ற மாதிரி இருக்கும் சார்." என் மனைவிக்கு அந்த வசதி ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருடமாக அவள் வாயால் செய்துவந்த வேலையை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

வண்டி வாங்கியதே அவள் போட்ட நிபந்தனையில்தான். பழைய வண்டியின் இடப்பக்கம் முழுக்கக் கோடுகள். மதுரைத் தெருக்கள் அப்படி, சந்து அப்படி, ஆட்டோக்காரர்கள் அப்படி என்று நான் வரிசையாகக் குற்றவாளிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. எங்கள் முன்னோர்கள் வடக்கேயிருந்து தறியோடு கொண்டுவந்த மொழி. ஆனால் என்னைத் திட்டுவதாக இருந்தால் மட்டும் மனைவி தமிழுக்கு மாறிவிடுவாள். பக்கத்து வீட்டுக்கும் புரிய வேண்டுமே. அன்றைக்கும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே வில்லாபுரம் முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: "புது வண்டியிலயும் ஒரு கோடு விழுந்துச்சுன்னு வைங்க, சாவி எங்கிட்ட வந்துரும். பெறகு நீங்களாச்சு, ஒங்க பிப்பெட்டாச்சு."

பிப்பெட் என்று அவள் சொன்னது என் பிழைப்பை. பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் கொடுக்கிறேன். சோதனைக் குழாய், குடுவை, காந்தம், லிட்மஸ் தாள், அமிலப் புட்டி. திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி என்று இந்தச் சமவெளியில் நான் கண்ணாடிச் சாமானோடு போகாத பள்ளிக்கூடம் இல்லை. இருபத்தாறு வருடம் தனி ஆளாக ஓட்டியிருக்கிறேன். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைக்கிற அளவுக்கு பிப்பெட் யாரையும் வாழவைத்ததில்லை. சாவி போனால் தொழில் போச்சு. தொழில் போனால், வீட்டில் உட்கார்ந்து மனைவிக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுக்கும் ஆளாகிவிடுவேன். கீரை உருவுவதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை.

ஆகவே மூன்றாம் முறை சீட் அதிர்ந்ததும் வேகத்தைக் குறைத்தேன். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாலை காலி. ஆனால் சீட் இடது தொடையில் மூன்று முறை துடிதுடித்து, ஏதோ இருக்கிறது என்று சத்தியம் செய்கிறது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறோம். நான் என்னை ஐம்பத்து மூன்று வருடமாக நம்பி வருகிறேன். சீட் வந்து நான்கு மாதம். யாரைச் சந்தேகப்படுவது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

நேரே விற்ற இடத்துக்கே கொண்டுபோனேன். சர்வீஸ் பிரிவில் ஒரு தம்பி, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிளக்கைச் செருகி, கையில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, "எரர் எதுவும் காட்டல சார்" என்றான்.

"காட்டாம இருக்கிறதுதான் எரரோ என்னமோ."

அவன் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ரிங் ரோடு வரைக்கும் ஓட்டிப்போனான். போகும்போது துடிக்கவில்லை, வரும்போதும் துடிக்கவில்லை. பல் வலிக்காரன் டாக்டர் வாசலை மிதித்ததும் வலி ஓடிவிடுமே, அந்த மாதிரி. வண்டியை நிறுத்திவிட்டு, "ஒங்களுக்கு மட்டுந்தான் வருதா சார்?" என்று கேட்டான். பேய் பிடித்தவனிடம் கேட்கிற தொனி.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தவன் முன்னால் நின்று, "சார், இதெல்லாம் என்ன?" என்றான்.

ஆயுத பூஜை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எல்லோரும் வண்டிக்குப் பொட்டு வைக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வண்டி வாங்கிய அன்று விற்ற பையன் என் மனைவிக்கு வண்டியைச் சுற்றிக் காட்டும்போது, "இது வண்டியோட கண்ணும்மா, இதுவும் கண்ணு, பின்னால பம்பர் மூலையில ரெண்டு கண்ணு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருந்தான். அவள் அதை மனதில் குறித்துவைத்துக்கொண்டு, பூஜையன்று ஒரு கண்ணையும் விடாமல் தேடிப்பிடித்து, கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள். முன்னால் கம்பெனிச் சின்னத்தின் மேல் ஒன்று, பம்பர் மூலைகளில் இரண்டு, முன் கண்ணாடியில் கேமரா இருக்கும் இடத்தில் ஒன்று. மழை இல்லாததால் எல்லாம் காய்ந்து கெட்டித்திருந்தன. போதாததற்கு வாங்கிய அன்றே நான் தைத்துப் போட்ட மெத்துமெத்தென்ற சீட் கவர் வேறு.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "சந்தனந்தான் தம்பி! சந்தனத்துல கண்ணு அடைச்சிருக்கு! அதான் உளறுது!" அவன் ஈரத்துணியால் துடைத்தான். நான் நகத்தால் சுரண்டினேன். சீட் கவரை அங்கேயே கழற்றிச் சுருட்டிப் பின்னால் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தமிழுக்கு மாறினாள்.

"சாமி பொட்டு வச்சா கண்ணு கெட்டுப்போகுமா? எந்த ஊர்ல கேட்டிருக்கீக?"

"இந்த வண்டி வெளிநாட்டுக்காரன் யோசிச்சது. அவனுக்குப் பொட்டு தெரியாது."

"அப்ப அவனுக்கு நம்ம ரோடும் தெரியாது. வித்துருங்க."

அடுத்த இரண்டு நாள் சீட் அதிரவே இல்லை. அந்த இரண்டு நாளும் காய்ச்சலில் படுத்திருந்த நான் வண்டியை எடுக்கவே இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெற்றி என்று வரும்போது அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க நான் யார்?

மூன்றாம் நாள் காலை, திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு பேருந்துக்கு வழி விட்டு இடப்பக்கம் ஒதுங்கினேன். தொடையில் துடிப்பு. ஒதுங்குவதை நிறுத்தவில்லை, சீட்தான் உளறுகிறதே. இன்னும் பலமாகத் துடித்தது. உடனே வெளியே ஒரு சத்தம். மொபட்காரர் ஒருவர், பின்னால் மனைவி, மடியில் குழந்தை, மூவரும் சாலையின் விளிம்பில் மண்ணில் கால் ஊன்றித் தடுமாறி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என் ஜன்னலைத் தட்டினார்.

"யோவ், ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

மதுரைச் சாலைகளில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நானும் கண்ணாடியை இறக்கி, "திடீர்னு உள்ள வந்தா எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"திடீர்னா? அந்தப் பெட்ரோல் பங்க்ல இருந்து ஒங்கூடத்தானய்யா வாரேன்!"

அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் இரண்டு கடை தள்ளி வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. சரி, அதுவும் சீட்டின் வேலைதான் என்று எனக்கு நானே ஒரு நகைச்சுவை சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. வயிற்றுக்குள் ஒரு சந்தேகம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்க்காமல் இருக்க ஒரே வழி, சீட்டில் கோளாறு என்று யாராவது எழுதிக் கொடுப்பது.

கோச்சடையில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். முன்பு பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். இப்போது வைகைக் கரைப் பக்கம் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை. முப்பத்தைந்து வயதிருக்கும். எதையும் நம்பாத முகம். நான் கதையைச் சொல்லி முடித்ததும், "இருங்கண்ணே, மொத சீட்டக் கேப்போம். பெறகு ஒங்களக் கேப்போம்" என்றார்.

சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, இடது மோட்டாரின் பிளக்கையும் வலது மோட்டாரின் பிளக்கையும் கழற்றி மாற்றிச் செருகினார். "இப்ப எடப்பக்கத்துச் சேதி ஒங்க வலது தொடைக்கு வரும். மோட்டாரு கிறுக்குப் பிடிச்சிருந்தா எடது தொடையே துள்ளும். சேதி நெசமா வருதுன்னா வலது துள்ளும். ஓட்டிட்டு வாங்க."

காளவாசல் வரை போய்வந்தேன். போகும்போது வழியெல்லாம் பெருமாளை வேண்டிக்கொண்டேன். புது வண்டி வாங்கியவன் அது நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டுவான். நான் மட்டும் என் வண்டி கெட்டிருக்க வேண்டும், இடது தொடை துள்ள வேண்டும் என்று வேண்டினேன். நான்கு இடத்தில் அதிர்ந்தது. நான்கும் வலது தொடை.

"அப்ப மோட்டாரு நல்லாருக்கு" என்றார். பிளக்குகளைப் பழையபடி மாற்றினார். பின் பம்பரைக் கழற்றி, மூலையில் ஒளிந்திருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் துடைத்து, கம்பியை அசைத்து, மறுபடி மாட்டினார். என்னை ஓட்டச் சொல்லி, தன் பைக்கில் இடப்பக்கம் கொஞ்ச தூரம் ஒட்டி வந்தார். கைகாட்டும்போது என்னைச் சற்று இடப்பக்கம் ஒடிக்கச் சொல்லியிருந்தார். ஒடித்தேன். தொடை துடித்தது. அவர் விலகிப் போன பிறகு ஒடித்தேன். துடிக்கவில்லை.

"சீட்டு சரி. வயரு சரி. கண்ணும் சரி."

"யாரு கண்ணு?"

"வண்டி கண்ணுண்ணே."

"ஏதாச்சும் கெட்டிருக்கும்ப்பா. நல்லாப் பாரு. ஒரு வயராவது தேஞ்சிருக்கும், ஒரு எலி கடிச்சிருக்கும்."

"நல்லாருக்குன்னு சொன்னா அழுவுற மொத ஆளு நீங்கதாண்ணே. எல்லாரும் கெட்டுப்போச்சுன்னு சொன்னாத்தான் அழுவாக."

நான் குரலைத் தாழ்த்தினேன். "அப்ப ஒண்ணு செய்யி. அந்தப் பிளக்கைப் புடுங்கி விட்டுரு."

அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். என் கண்ணை உற்றுப் பார்த்தார். "புடுங்க மாட்டேண்ணே. வேணும்னா ஒண்ணு சொல்றேன். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்க. அதிர்ற ஒவ்வொரு வாட்டியும் வண்டிய ஓரங்கட்டி, எந்த எடம், எடப்பக்கம் என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. எங்கயாச்சும் ஒரு கணக்கு மாட்டும்."

நோட்டுக்கா பஞ்சம்? பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிற ஆய்வக ரெக்கார்ட் நோட்டு ஒன்றை எடுத்தேன். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பவை, முடிவு என்று தலைப்புகள் அச்சடித்தே வரும். நோக்கம்: சீட்டின் பித்தலாட்டத்தை நிரூபித்தல். தேவையான பொருள்கள்: சீட், தொடை. ஒரு வாரம் முழுக்க உண்மையாகவே எழுதினேன். பதினேழு முறை அதிர்ந்தது. பதினேழு முறையும் காண்பவை: ஒன்றுமில்லை.

எலக்ட்ரீஷியன் நோட்டைப் புரட்டினார். "அண்ணே, நெரிசல் உள்ள எடத்துல மட்டுந்தான் வந்திருக்கு. கல்லுப்பட்டி தாண்டி வெட்டவெளியில ஒண்ணுகூட இல்ல. பொய் சொல்ற சீட்டு எல்லா எடத்துலயும்ல பொய் சொல்லணும்?" நோட்டை மூடினார். "அடுத்த வாட்டி பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சு எழுதச் சொல்லுங்க. ஓட்டுறவரே எழுதுனா இது நோட்டு இல்லண்ணே, ஜாமீன் மனு."

அந்த ஆள் யார் என்பதில் எனக்குப் பெரிய தேர்வு இல்லை. பேரையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு. இரண்டு மணிக்குள் பிப்பெட்டும் பியூரெட்டும் போய்ச் சேர வேண்டும். மனைவியிடம், "வா, பேரையூர் போய்ட்டு வருவோம்" என்றேன்.

"இருவத்தாறு வருசமா திருமங்கலத்துக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப என்ன பேரையூரு?"

"டூருன்னு வச்சுக்கயேன்."

"டூருக்கு யாராச்சும் நோட்டும் பேனாவும் குடுப்பாகளா?"

விஷயத்தைச் சொன்னேன். அதாவது பாதியைச் சொன்னேன். மொபட்டையும் குழந்தையையும் சொல்லவில்லை. சீட் உளறுவதற்குச் சாட்சி வேண்டும், அதிரும்போதெல்லாம் சொல்வேன், அப்போது இடப்பக்கம் இருப்பதை எழுது என்று மட்டும் சொன்னேன். புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டு ஏறினாள்.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். பயந்தால் எனக்கு வாய் மூடாது. திருநகர் தாண்டுவதற்குள் சீட்டைப் பற்றி ஏழு நகைச்சுவை சொல்லியிருப்பேன். இடையிடையே, "இந்தா, அதிருது. ஒண்ணுமில்ல, எழுதிக்க" என்பேன். அவள் ஜன்னலைப் பார்ப்பாள், எழுதுவாள். முதலில் ஒருமுறை "ஏங்க" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என் நகைச்சுவைக்கும் பதில் இல்லை, திட்டும் இல்லை. இடது கையால் கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மடியில் எழுதிக்கொண்டே வந்தாள். அவளுடைய மௌனம் எனக்குப் பழக்கமில்லாதது. திருமங்கலத்தில் திரும்பும்போது அதுதான் சீட்டைவிட அதிகமாக உறுத்தியது. ஊர் தாண்டி, கரிசல் விரிந்து, இரண்டு பக்கமும் பருத்தி தவிர எதுவும் இல்லாத இடம் வந்ததும் சீட் அடங்கிவிட்டது. "பாத்தியா, களைச்சுப் போச்சு" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லுப்பட்டியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். டீ சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் நோட்டுக்குக் கை நீட்டினேன். கொடுத்தாள்.

அவளுடைய கையெழுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையெழுத்து, உருண்டையாக இருக்கும். வண்டி ஆட்டத்தில் கொஞ்சம் கோணியிருந்தது. காண்பவை என்ற தலைப்புக்குக் கீழே எழுதியிருந்தாள்:

பால் கேன் கட்டிய மொபட்.

ஷேர் ஆட்டோ. வெளியே காலைத் தொங்கப்போட்டு ஒரு ஆள்.

சைக்கிளில் பள்ளிக்கூடத்துப் பெண். நம் முன் கதவுக்கு நேராக. நாலு கடை தூரம் கூடவே வந்தாள். நீங்கள் ஒன்றுமில்லை என்று சொன்னீர்கள்.

பைக்கில் இருவர்.

அதே பைக்.

சைக்கிள். தாத்தா. விழப் பார்த்தார்.

அதற்குமேல் நான் படிக்கவில்லை. டீ டம்ளரைக் கையிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பெண் என்றால் சீருடை போட்டிருப்பாள், இரட்டைச் சடை போட்டிருப்பாள், கைக்கு எட்டும் தூரத்தில் மிதித்துக்கொண்டு வந்திருப்பாள். அந்த இடத்தில் நான் பார்த்தது என்ன? யோசித்துப் பார்த்தேன். கறுப்பாக எதையும் பார்க்கவில்லை, மங்கலாகவும் பார்க்கவில்லை. தார்ச்சாலையைப் பார்த்தேன், கடைகளைப் பார்த்தேன். அவள் இல்லாத ஒரு முழுச் சாலையை என் தலை வரைந்து கொடுத்திருக்கிறது, நானும் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மனைவி தமிழில் பேசவில்லை. எங்கள் வீட்டு மொழியில், டீக்கடைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில், எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டாள்.

தெரியவில்லை என்பதே தெரியவில்லை என்றேன். நகைச்சுவையாகத்தான் சொல்ல வந்தேன். அது அப்படி வந்து சேரவில்லை.

அந்த மொபட்டையும் குழந்தையையும் அப்போதுதான் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவள் சாவியைக் கேட்கவில்லை, வண்டியில் ஒரு கோடும் விழவில்லை. நானே எடுத்து அவள் முன்னால், டீக்கடைப் பெஞ்சின் மேல் வைத்தேன். அவளுக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. உச்சி வெயிலில் கல்லுப்பட்டியில் ஒரு புது வண்டி, அதை ஓட்டத் தெரிந்தும் ஓட்டக் கூடாத ஒருவன், ஓட்டவே தெரியாத ஒருத்தி, பின்னால் ஆறு பெட்டி கண்ணாடிச் சாமான். மணி பன்னிரண்டரை.

"பதினஞ்சு கிலோமீட்டர்கூட இருக்காது" என்றேன். "ரோடு காலியாத்தான் கெடக்கும். மெதுவாப் போனா…"

அவள் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "பஸ்ஸுல போவோம்."

போனோம். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக என் பிப்பெட்டுகள் பேருந்தில் பயணம் செய்தன. பெட்டிகளை ஏற்றுவதற்குள் நடத்துநர் பொறுமை இழந்துவிட்டார். "என்னண்ணே இது, வெடியா?" என்றார். நான் மூன்று பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டேன், அவள் மூன்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருவரும் பெட்டிகளோடு சேர்ந்து எழுந்து உட்கார்ந்தோம். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேதியியல் ஆசிரியை வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்த்து, ஒன்றுகூட உடையவில்லை என்றார். "எப்பவும் ரெண்டு மூணு போயிருக்குமே சார், இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். நான் பல்லைக் காட்டினேன்.

கோச்சடை எலக்ட்ரீஷியனுக்குப் பள்ளிக்கூட மரத்தடியிலிருந்து போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "வண்டி நிக்கிற எடத்துக்குப் போயிருங்கண்ணே. நான் பஸ் ஏறி வாரேன்" என்றார். நாங்கள் பேருந்தில் திரும்பி வந்து காத்திருக்க, நாலரை மணிபோல் கல்லுப்பட்டி டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். சாவியை என் மனைவி அவரிடம் கொடுத்தாள். நான் பின்சீட்டில் ஏறினேன். என் சொந்த வண்டியின் பின்சீட்டில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. கால் வைக்க இடம் தாராளமாக இருந்தது.

திருமங்கலம் நெருங்கும்போது இடப்பக்கம் பைக்குகள் நெருக்கியடித்து வருவதை, கழுத்தை முழுக்கத் திருப்பினால், என்னாலும் பார்க்க முடிந்தது. முன்சீட்டை எட்டிப் பார்த்தேன்.

"துடிக்கலையா?"

"துடிக்காதுண்ணே. அவுக வாரது எனக்குத் தெரியுதுல்ல, அந்தப் பக்கம் ஒடிக்க மாட்டேன். ஒடிச்சாத்தான் அது தட்டும்." சாலையைப் பார்த்தபடியே மேலும் சொன்னார்: "அன்னைக்கு ரிங் ரோட்டுல அந்தத் தம்பிக்குத் துடிக்காததும் இதாலதாண்ணே. எனக்கு அப்பவே கொஞ்சம் தோணுச்சு. எப்படிச் சொல்றதுன்னுதான் நோட்டு போடச் சொன்னேன்."

அடுத்த வாரம் கண் டாக்டர். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு தேய்ந்திருக்கலாம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஒரு சோதனை எடுத்தால்தான் தெரியும் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "அந்த ரிசல்ட்டப் பாத்துட்டுப் பேசுவோம் சார்." மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பையில் சாவியோடு.

சோதனை நடந்தது ஓர் இருட்டறையில். வெள்ளைக் கிண்ணம் போன்ற எந்திரத்துக்குள் முகத்தைக் கொடுத்து, மோவாயை ஏந்தியில் வைத்து, ஒரு கண்ணைப் பஞ்சு வைத்து மூடிக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது குட்டி வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். சோதனை எடுக்கும் பெண் இதைப் பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அமுக்கினால் பாஸ்.

அமுக்கினேன். வலப்பக்கம் நட்சத்திரம் நட்சத்திரமாக வந்தது. இடப்பக்கம் வராதபோது, இப்போது வந்திருக்கும் என்று நானே தாளம் போட்டு அமுக்கினேன். ஒன்று, இரண்டு, அமுக்கு. ஒன்று, இரண்டு, அமுக்கு. பள்ளியில்கூட நான் இவ்வளவு கவனமாகக் காப்பியடித்ததில்லை. திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூர் என்று மனதுக்குள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே அமுக்கினேன். ஒவ்வோர் அமுக்கலுக்கும் ஓர் ஊரைத் திருப்பி வாங்குவதாக நினைப்பு.

அந்தப் பெண் எந்திரத்தை நிறுத்தினாள். "சார், வெளிச்சமே போடாதப்பவும் அமுக்குறீங்க. மெஷின் கண்டுபிடிச்சிரும். மொதல்ல இருந்து போடுறேன்."

"கை தவறிருச்சும்மா."

"இருவது வாட்டியா சார்?"

மறுபடி தொடங்கியது. கண்ணில் நீர் கோத்தது. முகத்தை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஏந்தியில் வைத்தேன். நடுப்புள்ளியைப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்று வந்தது, அமுக்கினேன். மேலே ஒன்று, அமுக்கினேன். பிறகு எதுவும் வரவில்லை. கிண்ணம் முழுக்க ஒரே சீரான வெளுப்பு, அப்பழுக்கில்லாத, காலியான வெளுப்பு. உள்ளே எந்திரம் மட்டும் இடம் மாறி இடம் மாறி மெல்ல 'டிக்' என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் அங்கே ஏதோ ஒன்று வந்து நின்று போகிறது. கட்டைவிரல் பட்டன்மேல் வியர்த்துக் கிடந்தது. டிக். அமுக்கவில்லை. டிக். அமுக்கவில்லை.

"இப்பத்தான் சார் கரெக்டாப் பண்றீங்க" என்றாள் அந்தப் பெண்.